பயணச் செலவு வேறு, ஊர்ப் பணம் வேறு

கேட்டவர் சொன்னது சுருக்கமாக இதுதான்: "வயது 22. ஜனவரியில் சிங்கப்பூரில் கட்டாயத் தேசிய சேவை முடிகிறது. கணக்கியலில் பட்டயம் வாங்கியிருக்கிறேன், பல்கலைக்கழகம் ஆகஸ்ட்டில்தான் தொடங்கும். நடுவில் மூன்று மாதம் கம்போடியாவில் கிராம மேம்பாடு, வறுமை ஒழிப்பு வேலையில் தொண்டூழியம் செய்ய ஆசை. ஏற்பாடு செய்யும் நிறுவனம் 5,800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) கேட்கிறது, விமானச் சீட்டு தனி. இணையத்தில் ஒரு பக்கம் திறந்து பணம் திரட்டலாமா? அம்மாவுக்கு விருப்பமே இல்லை. அப்பா, அதற்கு நம்ம புதுக்கோட்டைப் பக்கமே போயேன் என்கிறார்."

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பணம் திரட்டலாமா என்றால், தாராளமாகத் திரட்டலாம். ஆனால் இணையப் பக்கம் திறப்பதைக் கொஞ்சம் தள்ளிப் போடுங்கள், அதற்கு முன்னால் அந்த 5,800 வெள்ளியை உடைத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. நான் 2009இலிருந்து, கொவிட் காலம் தவிர, வருடத்துக்கு ஒரு முறையாவது கம்போடியாவுக்கோ இந்தோனேசியாவின் பாத்தாம் தீவுக்கோ சின்னச் சின்னக் குழுக்களைக் கூட்டிக்கொண்டு போகிறவன். வார நாளில் சரக்கு அனுப்பும் அலுவலகத்தில் வேலை, இது விடுப்பில் செய்வது. இத்தனை வருடத்தில் நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும் விஷயம் ஒன்றுதான்: நீங்கள் போய்வரும் செலவும் அந்த ஊருக்குச் சேர வேண்டிய பணமும் ஒரே உண்டியலில் விழக்கூடாது.

இதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் ஒரு பெரியவர். 2010இல், சிராங்கூன் சாலைப் பக்கம் ஒரு கோயிலில் அன்னதானம் முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது, நன்றாகத் தெரிந்தவர் என்பதால் பேச்சோடு பேச்சாக நாங்கள் கம்போடியா போகிற விஷயத்தைச் சொன்னேன். வேட்டி மடிப்பிலிருந்து ஐம்பது வெள்ளி நோட்டை எடுத்தவர், அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, "இது நீ ஏறுற பிளேனுக்கா, அங்க தோண்டுற கிணத்துக்கா?" என்று கேட்டார். இரண்டுக்கும்தான் என்று இழுத்தேன். "சரி, கிணத்துக்குன்னு எழுதிக்கோ" என்று கொடுத்துவிட்டார். என் நோட்டில் அப்படி எழுத ஒரு பத்தியே இல்லை. எல்லாம் 'நன்கொடை' என்ற ஒரே தலைப்பின் கீழ் கிடந்தது. அன்று ராத்திரி உட்கார்ந்து 43 பேர் பெயரையும் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதினேன், சிலரிடம் திரும்பப் போய்க் கேட்டும் எழுதினேன்.

அதனால் முதல் வேலையாக அந்த நிறுவனத்திடம் 5,800க்கு உடைப்புக் கணக்கு கேளுங்கள். தங்குமிடத்துக்கு எவ்வளவு, சாப்பாட்டுக்கு எவ்வளவு, அங்கே இருக்கும் உள்ளூர் அமைப்புக்கு எவ்வளவு போகிறது, சிங்கப்பூர் அலுவலகச் செலவுக்கும் விளம்பரத்துக்கும் எவ்வளவு. நல்ல இடமாக இருந்தால் இரண்டு நாளில் பதில் வரும். மழுப்பினால் அதுவும் ஒரு பதில்தான். ஒரு ஒப்பீடு சொல்கிறேன்: கம்போடியாவில் ஆடைத் தொழிற்சாலைத் தொழிலாளிக்கு 2025இல் சட்டப்படி குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 208 அமெரிக்க டாலர். உங்களிடம் கேட்கும் தொகை அப்படிப்பட்ட ஒருவரின் ஏறத்தாழ இருபது மாதச் சம்பளம். அதில் ஊருக்குப் போய்ச் சேர்வது எத்தனை மாதச் சம்பளம் என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை இருக்கிறது.

என் அனுபவத்தில், உள்ளூர் அமைப்பு ஒன்றோடு நேரடியாகப் பேசி, மாகாண ஊர் ஒன்றில் யார் வீட்டிலாவது தங்கி அங்கேயே சாப்பிட்டுக்கொண்டால் மாதம் 350 வெள்ளிக்குள் முடியும். விமானச் சீட்டு, தடுப்பூசி, காப்புறுதி, விசா, மோட்டார்ப் படகு, டுக்டுக், தொலைபேசி அட்டை எல்லாம் சேர்த்தாலும் மூன்று மாதத்துக்கு 2,500 வெள்ளியைத் தாண்டாது. பாதிக்கும் குறைவு. ஆனால் ஏற்பாட்டு நிறுவனம் செய்கிற வேலையை, அதாவது தேடுவது, விசாரிப்பது, ஏதாவது ஆனால் யாரைக் கூப்பிடுவது என்பதையெல்லாம், நீங்களே செய்ய வேண்டும். முதல் தடவை என்பதால் முழுக்கத் தனியாகப் போகச் சொல்ல மாட்டேன், ஏற்கெனவே போய்வந்த யாராவது ஒருவர் உள்ளூர் அமைப்பைக் கைகாட்டினால் மட்டும் இந்த வழி.

வேலை என்ன என்பதையும் பணத்தோடு சேர்த்தே யோசியுங்கள், ஏனென்றால் நாளைக்கு நீங்கள் நன்கொடை கேட்கும்போது அதைத்தான் சொல்லப் போகிறீர்கள். 2012இல் கம்போங் ச்னாங் மாகாணத்தில் ஓர் ஊரில் எங்கள் எட்டு பேர் குழு ஆறு கழிப்பறைகள் கட்டியது. நாங்களே சிமெண்ட் குழைத்தோம், கல் அடுக்கினோம், நீலத் தகரக் கதவு மாட்டினோம், படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினோம். அடுத்த வருடம் மார்ச்சில் போய்ப் பார்த்தால் முதல் வீட்டிலேயே கதவுக்கு வெளியே பூட்டுத் தொங்குகிறது. திறந்து காட்டினார்கள். பீங்கான் மேல் பலகை, பலகை மேல் நான்கு நெல் மூட்டை, மூலையில் கவிழ்த்த கூடைக்கு அடியில் குஞ்சுகளோடு ஒரு கோழி. அந்த வீட்டுப் பாட்டி மொழிபெயர்க்கிறவர் மூலமாகச் சொன்னார்: குளம் வற்றிக் கிடக்கிறது, ஒரு வாளி தண்ணீருக்கு அரைக் கிலோமீட்டர் நடக்க வேண்டும், குடிக்கவே அளந்து மொள்கிறோம், இதில் எங்கே ஊற்றுவது, ஆனால் மழை ஒழுகாத இடம் எங்கள் வீட்டில் இது ஒன்றுதான், நெல் பத்திரமாக இருக்கிறது. குறையாகச் சொல்லவில்லை, நன்றியோடுதான் சொன்னார். எனக்குத்தான் அங்கே நிற்க முடியவில்லை. விமானம், தங்குமிடம் எல்லாம் சேர்த்து அந்தப் பயணத்துக்கு 9,000 வெள்ளி ஆனது. ஒரு கழிப்பறைக்கு 1,500 விழுகிறது. அதில் செங்கல், சிமெண்ட், தகரம், பீங்கான் எல்லாம் சேர்த்தே 300தான். பணத்தைவிடப் பெரிய தவறு, மாசி பங்குனியில் இங்கே தண்ணீர் இருக்குமா என்று ஒருத்தரிடமும் கேட்காமல் கட்டியது.

ஏறத்தாழ அதே வருடங்களில் கம்போடியாவில் ஐடிஇ (iDE) என்ற மேம்பாட்டு அமைப்பு இந்த வேலையை வேறு மாதிரிச் செய்தது. மலிவான கழிப்பறை அடித்தளம் ஒன்றை வடிவமைத்து, அதைச் செய்து விற்க ஊரில் ஏற்கெனவே கான்கிரீட் வளையம் வார்த்துக்கொண்டிருந்த சின்ன வியாபாரிகளுக்குக் கற்றுக்கொடுத்தது. வீட்டுக்காரர்களே காசு கொடுத்து வாங்கினார்கள். லட்சக்கணக்கில் விற்றது. தன் காசில் வாங்கியதை யாரும் நெல் குதிராக வைத்துக்கொள்ள மாட்டார்கள், தண்ணீருக்கு வழி செய்துகொண்டுதான் வாங்குவார்கள். வறுமை ஒழிப்பு என்று பார்த்தாலும் அப்படித்தான். வங்கதேசத்தில் பிராக் அமைப்பு 2002இல் தொடங்கிய முறை ஒன்று உண்டு: மிக ஏழ்மையான குடும்பத்துக்கு ஒரு மாடோ சில ஆடுகளோ கொடுத்து, அதைப் பார்த்துக்கொள்ளப் பயிற்சி, சில மாதம் சாப்பாட்டுச் செலவுக்குக் கொஞ்சம் பணம், சேமிக்கப் பழக்குவது, வாரம் ஒரு முறை ஆள் வந்து பார்ப்பது என்று எல்லாவற்றையும் சேர்த்துச் செய்வார்கள். இந்தியா, பாகிஸ்தான், எத்தியோப்பியா, கானா, ஹொண்டுராஸ், பெரு என்று ஆறு நாடுகளில் இதைச் சோதித்த ஆய்வு 2015இல் வெளிவந்தது, திட்டம் முடிந்து ஒரு வருடம் ஆன பின்னும் அந்தக் குடும்பங்களின் நிலைமை மேம்பட்டே இருந்தது. இதில் வெளிநாட்டுத் தொண்டூழியர் எங்கே வருகிறார் என்று பாருங்கள். வாரா வாரம் வீட்டுக்குப் போகிறவர் அந்த மொழி பேசுகிற உள்ளூர்க்காரர். நீங்கள் அவருக்குப் பின்னால், அவர் கேட்ட வேலையைச் செய்கிற ஆள்.

உங்களுக்கு அந்த இடம் நன்றாகவே இருக்கிறது. கணக்கியல் பட்டயம் வைத்திருக்கிறீர்கள். நான் பார்த்த சின்ன அமைப்புகளில் பாதிக்கு மேல் செங்கல் தூக்க ஆள் இல்லாமல் தவிக்கவில்லை, ரசீதுகளைப் பிஸ்கட் டப்பாவில் போட்டு வைத்துக்கொண்டு, நிதி கொடுத்தவருக்கு அறிக்கை அனுப்ப முடியாமல் அடுத்த வருட நிதியை இழக்கிறார்கள். மூன்று மாதம் உட்கார்ந்து அவர்களுடைய கணக்குப் பெண்ணுக்கு ஒரு விரிதாள் போட்டுக் கொடுத்து, அவர் தானாகவே மாதக் கணக்கு முடிக்கிற அளவுக்குப் பழக்கிவிட்டு வந்தால் அது நீங்கள் வந்த பிறகும் நிற்கும். "என்ன வேலை தருவீர்கள்" என்று கேட்காமல், "எனக்குக் கணக்கு தெரியும், உங்களுக்கு எங்கே சிக்கல்" என்று கேட்டு எழுதுங்கள்.

ஒன்றை மட்டும் கறாராகச் சொல்லிவிடுகிறேன். அவர்கள் தரும் திட்டத்தில் அனாதை இல்லம் இருந்தால் வேண்டாம். கம்போடியாவில் அப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் நான்கில் மூன்று பேருக்குப் பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்று யுனிசெஃப் சொல்லியிருக்கிறது. வருகிறவர்கள் கொடுக்கும் பணம்தான் பிள்ளைகளை வீட்டிலிருந்து பிரித்து அங்கே கொண்டுவந்து வைக்கிறது. மூன்று மாதம் மடியில் உட்கார்ந்து பழகிய பிள்ளையை விட்டுவிட்டு நீங்கள் விமானம் ஏறுவீர்கள், அடுத்த வாரம் இன்னொருவர் வருவார். இது தெரிந்த பிறகு எவ்வளவு நல்ல மனசோடு போனாலும் சரியாகாது.

சரி, பணத்துக்கு வருவோம். சிங்கப்பூரில் வெளிநாட்டு அறப்பணிக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்ட வேண்டுமானால் அறநிறுவன ஆணையரிடம் முன்கூட்டியே அனுமதி வாங்க வேண்டும். கிவ்.ஏசியா போன்ற தளத்தில் பக்கம் திறந்தாலும் இந்தக் கடமை உங்களை விட்டுப் போகாது. வழக்கமான நிபந்தனை என்னவென்றால், திரட்டியதில் செலவு போக நிற்கும் தொகையில் 80 விழுக்காடு சிங்கப்பூருக்குள்ளேயே அறப்பணிக்குப் பயன்பட வேண்டும், 20 விழுக்காடுதான் வெளியே போகலாம். அதாவது பத்தாயிரம் வெள்ளி திரட்டினால் கம்போடியாவுக்கு இரண்டாயிரம். பலருக்கு இது தெரியாமல் பக்கத்தைத் திறந்துவிட்டுப் பிறகு முழிக்கிறார்கள். இயற்கைப் பேரிடர் நேரத்திலும், உறவினர், நண்பர், சங்க உறுப்பினர் என்று தனிப்பட்ட வட்டத்துக்குள் திரட்டும்போதும் இந்த 80-20 விதியைத் தளர்த்த ஆணையருக்கு இடமுண்டு. அதனால் உங்களுக்கு என் யோசனை: பொது வேண்டுகோளே வேண்டாம், உங்களைத் தெரிந்த நூறு பேருக்குள் முடித்துக்கொள்ளுங்கள், அதையும் யாரிடம், எதற்கு, எவ்வளவு என்று எழுதி அறநிறுவன இணையவாசல் வழியாக முன்னாலேயே கேட்டு, எழுத்தில் பதில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மாதத்துக்கு மேலேயே அவகாசம் விட்டுக் கேளுங்கள். உண்டியலைத் தூக்கிக்கொண்டு அடுக்குமாடி வீடுகளின் கதவைத் தட்டுவதோ தேக்கா சந்தை வாசலில் நிற்பதோ கூடாது, வீடு வீடாகவும் தெருவிலும் பணம் திரட்டுவதற்குத் தனிச் சட்டமும் உரிமமும் உண்டு. 2005இல் தேசியச் சிறுநீரக அறநிறுவனத்தில் நன்கொடைப் பணம் முறைகேடாகச் செலவான விவகாரம் வெடித்ததிலிருந்து நம் ஊரில் கொடுக்கிறவர்கள் எல்லோரும் பணம் எங்கே போகிறது என்று கேட்கிறார்கள். கேட்க வேண்டும் என்பதுதான் என் கட்சியும்.

வரிக்கழிவு பற்றியும் யாராவது கேட்பார்கள். இங்கே 250 விழுக்காடு வரிக்கழிவு, பொதுநல அமைப்பு என்ற தகுதி பெற்ற உள்ளூர் அமைப்புகளுக்குக் கொடுக்கும் நன்கொடைக்குத்தான். உங்களுக்குக் கொடுப்பதற்குக் கிடையாது. அவர்கள் கேட்கும் முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

பயணப் பணத்தை எப்படிச் சேர்ப்பது? உழைத்துச் சேருங்கள், அதுதான் வேகமும் கூட. உயர்நிலைப்பள்ளி ஓ நிலைத் தேர்வின் கணக்கியலுக்குத் துணைப்பாடம் சொல்லிக்கொடுக்க ஆள் தேடும் பெற்றோர் உங்கள் புளோக்கிலேயே இருப்பார்கள். இரண்டு பிள்ளைகள், வாரம் ஒன்றரை மணி நேரம், மணிக்கு 30 வெள்ளி என்றால் பன்னிரண்டு வாரத்தில் 1,080. மீதிக்குத் தேசிய சேவையில் சேர்த்ததும், அத்தை மாமா கொடுப்பதும் போதும். அத்தை மாமாவிடம் கேட்கும்போது "என் டிக்கெட்டுக்கு" என்றே கேளுங்கள். உங்கள் மேல் உள்ள பிரியத்துக்குக் கொடுக்கிறவர்களுக்கு அதைச் சொல்வதில் வெட்கம் ஒன்றுமில்லை.

பலகாரம் விற்கலாமா என்று எல்லாரும் கேட்பார்கள், நாங்களும் செய்தோம். ஒரு தீபாவளிக்கு என் அக்கா வீட்டில் மூன்று வார இறுதிகள் முறுக்கும் அதிரசமும் சுட்டோம். டப்பா பத்து வெள்ளி, 120 டப்பா. அரிசி மாவு, உளுந்து, வெல்லம், எண்ணெய், டப்பா, ஒட்டுத்தாள் எல்லாம் 430 போக 770 நின்றது. எட்டு பேர் மூன்று வாரம் உழைத்ததற்கு இது ரொம்பக் குறைவு, அடுப்படி வெக்கையில் முதல் நாள் அதிரசம் முழுக்க எண்ணெயில் பிரிந்துபோய் அந்த மாவை அப்படியே கொட்டினோம். ஆனால் ஒரு விஷயத்தை நான் எதிர்பார்க்கவில்லை. டப்பாவின் அடியில் நாங்கள் எங்கே போகிறோம், எதற்குப் போகிறோம் என்று நாலு வரி ஒட்டியிருந்தோம். அந்த 120 வீட்டில் 31 வீட்டார் பிறகு அவர்களாகவே கூப்பிட்டு ஊர்ப் பணத்துக்குக் கொடுத்தார்கள். முறுக்கு ஒரு அறிமுகக் கடிதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்து தெரிந்தவர்களுக்கு விற்பது சின்ன அளவில் சரி, உணவுச் சுகாதார வழிகாட்டுதலைப் படித்துக்கொள்ளுங்கள். சந்தையில் கடை போடுவதற்கும் புளோக்கின் கீழ்த்தளத்தில் மேசை போடுவதற்கும் தனித்தனி அனுமதி வேண்டும்.

ஊர்ப் பணத்துக்குக் கடிதம் எழுதும்போது, தயவுசெய்து "என் கனவு நனவாக உதவுங்கள்" என்று தொடங்காதீர்கள். உங்கள் கனவுக்கு ஏன் பக்கத்து வீட்டு ராணுவ ஓய்வூதியக்காரர் பணம் கொடுக்க வேண்டும்? நான் எழுதினால் இப்படி எழுதுவேன்: "ஏப்ரல் கடைசியிலிருந்து மூன்று மாதம் கம்போடியாவில் ஒரு சேமிப்புக் குழு அமைப்பில் கணக்கு வேலை செய்யப் போகிறேன். என் பயணச் செலவு 2,500 வெள்ளியை நானே சேர்த்துவிட்டேன். அந்த அமைப்பு, 40 குடும்பங்களுக்குக் கோழிக் கூண்டும் தடுப்பு மருந்தும் வாங்க 3,000 வெள்ளி தேவை என்று கேட்டிருக்கிறது, அவர்கள் அனுப்பிய விலைப்பட்டியலை இணைத்திருக்கிறேன். ஒரு குடும்பத்துக்கு 75 வெள்ளி. ஆகஸ்ட் 15க்குள் ரசீதுகளோடு கணக்கு அனுப்புவேன். கூடுதலாக வந்தால் அதே அமைப்பின் அடுத்த வருடப் பயிற்சிக்குப் போகும். இதற்கு வரிக்கழிவு கிடையாது." எட்டு வரிக்குள் முடிந்துவிட்டது. எண்கள் உங்கள் அமைப்பு சொல்வதுபடி மாறும், அமைப்பு கேட்காத ஒன்றுக்காக ஒரு வெள்ளி கூடத் திரட்டாதீர்கள். உங்கள் செலவை நீங்களே பார்த்துக்கொண்டீர்கள் என்ற அந்த ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்துவிட்டுத்தான் பாதிப் பேர் கொடுப்பார்கள்.

நண்பர்கள் ஒரு குழுவாகச் சேர்ந்தால் தேசிய இளையர் மன்றத்தின் யூத் எக்ஸ்பெடிஷன் புராஜெக்ட்டைப் பாருங்கள். 2000இல் தொடங்கியது, 15 முதல் 35 வயது வரையிலான இளையர் குழுக்களுக்கு ஆசியான், சீனா, இந்தியா பக்கம் சேவைப் பயணத்துக்கு ஒரு பகுதிச் செலவைக் கொடுக்கும். தனி ஆளாக மூன்று மாதம் போவதற்கு அது பொருந்தாது, ஆனால் கடைசி இரண்டு வாரத்துக்கு நண்பர்களை அங்கே வரவழைக்கிற யோசனை இருந்தால் பொருந்தலாம். 1991இலிருந்து இயங்கும் சிங்கப்பூர் இன்டர்நேஷனல் பவுண்டேஷன், தொழில்திறன் உள்ளவர்களைப் பயிற்சி கொடுக்க அனுப்புகிறது. நாலைந்து வருடம் வேலை பார்த்த பிறகு உங்களுக்கு அது சரியான இடம்.

பணம் கைக்கு வந்த பிறகு, அதற்கென்று தனி வங்கிக் கணக்கு. பேநவ் என்ற வங்கிப் பணமாற்றுச் சேவை வழியாக வருகிற ஒவ்வொன்றுக்கும் குறிப்பில் 'ஊர்' அல்லது 'பயணம்' என்று போடச் சொல்லுங்கள். கம்போடியக் கிராமச் சந்தையில் அச்சடித்த ரசீது கிடைக்காது, டாலரும் ரியெலும் கலந்து புழங்கும், ஒரு டாலருக்கு நாலாயிரம் ரியெல் கணக்கில். நான் எப்போதும் இங்கேயே ஒரு ரசீதுப் புத்தகம் வாங்கிக்கொண்டு போவேன். தேதி, பொருள், அளவு, தொகை எழுதி, கடைக்காரரிடம் கையெழுத்தோ கட்டைவிரல் ரேகையோ வாங்கி, ரசீதையும் பொருளையும் ஒன்றாக வைத்துப் படம் எடுத்துவிடுவேன். மனிதர்கள் முகத்தை, அதுவும் பிள்ளைகள் முகத்தை, படம் எடுத்து நன்கொடையாளருக்கு அனுப்ப வேண்டாம். கோழிக் கூண்டின் படம் போதும்.

அப்பா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. மொழி தெரியும், ஊர் தெரியும், மொழிபெயர்ப்பாளர் வேண்டாம். ஆனால் பணம் அனுப்புவது அங்கே கடினம். இந்தியாவில் வெளிநாட்டு நன்கொடை வாங்கும் அமைப்பு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பதிவு செய்திருக்க வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பணம் புதுடில்லியில் ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில் உள்ள கணக்குக்கு மட்டுமே வரலாம். சித்தப்பா கணக்குக்கு அனுப்பி ஊரில் நூலகம் கட்டுகிறேன் என்று கிளம்பினால், கடைசியில் மாட்டுவது சித்தப்பாதான். மின்னியல் சுற்றுலா விசாவில் சம்பளமில்லாத் தொண்டூழியம் ஒரு மாதம் வரை செய்யலாம், உங்கள் மூன்று மாதத்துக்கு அது போதாது. அப்புறம் இன்னொன்று: புதுக்கோட்டை, சிவகங்கைக் கிராமத்து ஆட்கள் இங்கேயே வெளிநாட்டு ஊழியர் விடுதிகளில் இருக்கிறார்கள். ஜனவரி வரை ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிநாட்டு ஊழியருக்கு மருத்துவ உதவி செய்யும் ஹெல்த்சர்வ் போன்ற அமைப்பில் அவர்களுக்காக வேலை செய்து பாருங்கள். ஏஜண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடனை அடைக்க எத்தனை மாதம் ஆகிறது என்று ஒருவர் உட்கார்ந்து விரல்விட்டு எண்ணிச் சொல்லும்போது வறுமை எப்படி வேலை செய்கிறது என்பது புரியும். கம்போடியக் கிராமத்து நுண்கடன் கதையும் இதற்கு ரொம்பத் தூரமில்லை.

அம்மாவை வாதாடி ஜெயிக்கப் பார்க்காதீர்கள். அவருக்கு மூன்று காகிதம் கொடுங்கள். அவசர மருத்துவ இடமாற்றத்தையும் சேர்த்த காப்புறுதிச் சான்று, தங்கப் போகும் வீட்டு முகவரியும் அமைப்பின் பொறுப்பாளருடைய எண்ணும், வெளியுறவு அமைச்சில் பயணத்தைப் பதிவு செய்த அத்தாட்சி. ஹெப்படைடிஸ் ஏ, டைபாய்டு, வெறிநாய்க்கடி ஊசிகளைப் பற்றி மருத்துவரிடம் ஆறு வாரத்துக்கு முன்னாலேயே கேளுங்கள், அம்மாவையும் கூட்டிக்கொண்டு போங்கள். என் அம்மா அப்படி ஒரு நாள் என்னுடன் வந்து, மருத்துவரிடம் என்னைவிட அதிகக் கேள்வி கேட்டுவிட்டு, வீட்டுக்கு வந்ததும் பெட்டியில் ஓமமும் மிளகு ரசப்பொடியும் எடுத்து வைத்தார்.

விசாவை மறக்காதீர்கள். சிங்கப்பூர்க் கடப்பிதழுக்கு அங்கே 30 நாள் விசா இல்லாமல் இருக்கலாம், மூன்று மாதத்துக்கு நீட்டிக்கக்கூடிய விசாவாக எடுக்க வேண்டும், அமைப்பிடமே கேளுங்கள். ஏப்ரல் நடுவில் நம் சித்திரைப் புத்தாண்டு சமயத்தில்தான் அவர்களுக்கும் புத்தாண்டு, ஒரு வாரம் ஊரே வேலையை விட்டுச் சொந்த ஊருக்குப் போய்விடும். ஏப்ரல் 20க்குப் பிறகு போய்ச் சேருகிற மாதிரி சீட்டு எடுங்கள். மே மாதத்தில் மழை தொடங்கிவிடும், ஜூன், ஜூலையில் எல்லாரும் வயலில் இருப்பார்கள், கணக்குப் பெண்ணோடு உட்கார மத்தியான நேரம்தான் கிடைக்கும். உடைப்புக் கணக்கு கேட்கும் மின்னஞ்சலை இந்த வாரமே அனுப்புங்கள். பதில் வந்ததும் உங்கள் கடிதத்தின் முதல் படியை எனக்கு அனுப்பினால், சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து படித்துச் சொல்கிறேன்.